ஃபார்மலுக்கு ஸ்ப்ரே டேன்: பார்லரா, வீட்டு மூஸா, வேறு வழியா?

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. பிரிஸ்பேனில் அந்த மாதத்தில் மூன்று மணிக்கு வெயில் கொளுத்தும், நாலரைக்கு இடி இடிக்கும். என் வீட்டுப் பின்னறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஸ்ப்ரே டேன், அதாவது தோலைப் பழுப்பாக்கும் திரவம், அடித்து, கால் மணி நேரம் காயவிட்டு அனுப்பினேன். சனிக்கிழமை இரவு அவளுக்கு ஸ்கூல் ஃபார்மல், பள்ளி விருந்து நடனம். அம்மாவின் கார் எதிர்ச்சாரியில் நின்றது. இருபது அடிதானே என்று நானும் விட்டுவிட்டேன். அவள் கேட்டைத் தாண்டும்போது பெரிய பெரிய துளியாக மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு அவள் அனுப்பிய படத்தில் வலது முன்கையில் ஏழெட்டு வெளிர் வட்டங்கள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, ஓரத்தில் மட்டும் கருமையாக ஒரு கோடு.

அன்று மாலையே வரச்சொன்னேன். அந்தக் கையில் மட்டும் எண்ணெய் தடவி ஊறவைத்து, ஈரத்துணியால் மெல்லத் தேய்த்து நிறத்தை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். சனிக்கிழமை எடுத்த படங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மிச்சம் இருந்ததால் தப்பித்தோம்.

டேன் விஷயத்தில் எந்த வழி நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்: தப்பானால் சரிசெய்ய எத்தனை மணி நேரம் இருக்கும், யார் சரிசெய்வார்கள்? விலை, நிறம், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நடக்கும் விருந்து நடனத்துக்குத்தான் ‘ஃபார்மல்’ என்று பெயர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘ப்ராம்’ என்பார்கள். நீள கவுன், சூட், வாடகைக்குப் பெரிய கார், கிளம்பும் முன் பெற்றோர் எல்லோரும் கூடிப் படம் எடுப்பது என்று ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு அதில் இருக்கும். வெள்ளைத் தோல் உள்ள பெண்கள் பலர் அதற்கு முன் உடம்பைப் பழுப்பாக்கிக்கொள்கிறார்கள். ‘வெயிலில் போகாதே, கறுத்துடுவ’ என்று கேட்டே வளர்ந்தவள் நான். வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. இப்போது பதினேழு வயதுப் பெண்ணின் ஆசையை ஆசையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன். அதை ஆபத்தில்லாமல் செய்து கொடுப்பது என் வேலை.

டேன் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். பார்லர் ஸ்ப்ரே, வீட்டில் தேய்க்கும் மூஸ் என்ற நுரை, லோஷன் மூன்றிலும் வேலை செய்வது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற பொருள், சுருக்கமாக டிஹெச்ஏ. நிறமில்லாத ஒரு எளிய சர்க்கரை. தோலின் ஆக மேலடுக்கில் இருக்கும் செத்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை முறுகும்போது நடக்கும் அதே வகை வேதிவினைதான், அடுப்புச் சூடு இல்லாமல் மெதுவாக நடக்கிறது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், பிறவி நோய் ஒன்று உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பாவதைக் கவனித்தார். இன்றைய டேன் புட்டிகளெல்லாம் அங்கிருந்து வந்தவை.

செத்த செல் தடித்துக் கிடக்கும் முழங்கை, முழங்கால், கணுக்கால், குதிகால் எல்லாம் அதிகமாகக் குடித்து அதிகமாகக் கறுக்கும். அந்தச் செல் உதிர உதிர நிறமும் உதிரும், அதனால் ஐந்திலிருந்து ஏழு நாள்தான் ஆயுள். அடித்த உடனே கண்ணுக்குத் தெரியும் பழுப்பு, எங்கே பட்டது என்று தெரிவதற்காகச் சேர்த்த சாயம்; முதல் குளியலில் அது பழுப்புத் தண்ணீராக ஓடும். எல்லாம் போய்விட்டதே என்று பிள்ளைகள் பாத்ரூமிலிருந்தே ஃபோன் பண்ணுவார்கள். போகவில்லை. அசல் நிறம் அடியில் ஏறிக்கொண்டிருக்கும், ஒரு நாள் ஆனால்தான் முழுதாக நிற்கும்.

முதலில் தள்ளிவிட வேண்டியவற்றைத் தள்ளிவிடுகிறேன். வெயிலில் படுத்துக் கறுப்பது வேண்டவே வேண்டாம். இந்த நாட்டில் 70 வயதை எட்டுவதற்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. புற ஊதா விளக்குப் படுக்கை அதைவிட மோசம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் அதைப் புகையிலையோடு, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2014 முடிவோடு அதை வைத்துத் தொழில் செய்வது தடையானது. கராஜில் ஒன்று வைத்திருக்கிறேன், வந்து படுத்துக்கொள் என்று யாராவது அழைத்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். மூக்கில் உறிஞ்சும் டேன் ஸ்ப்ரே என்று ஒன்று சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. பெயர்தான் ஸ்ப்ரே, அதற்கும் நான் அடிக்கும் ஸ்ப்ரேக்கும் சம்பந்தமே இல்லை. அதில் இருப்பது மெலனோடான் என்ற செயற்கை ஹார்மோன். உடம்புக்குள் போய் மச்சங்களையே மாற்றக்கூடியது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிஏ அதை அனுமதிக்கவில்லை, வாங்காதீர்கள் என்று எச்சரித்தும் இருக்கிறது. உங்கள் மகளின் ஃபோனிலும் அந்த விளம்பரம் வந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் நான்கு வழிகள். இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

தண்ணீரில் கழுவினால் போய்விடும் டேன், மேக்கப் மாதிரி மேலே நிற்பது. காலுக்கு மட்டும், ஒரே ஒரு இரவுக்கு, அதுவும் குளிர்ந்த ஹாலில் என்றால் சரி. பிரிஸ்பேன் நவம்பரில் வியர்த்துக்கொண்டே ஆடும் பெண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன். கூட ஆடும் பையனின் வெள்ளைச் சட்டைக் கையில் முழுதும் ஒட்டிக்கொள்ளும்.

தினமும் பூசும் லோஷனில் டிஹெச்ஏ கொஞ்சமாகத்தான் இருக்கும். பத்து நாள் முன்பே ஆரம்பித்து, நாளுக்கு ஒரு தடவை பூசினால் மெல்ல மெல்ல நிறம் ஏறும். பத்து இருபது டாலர்தான். இதில் எனக்குப் பிடித்த குணம், தப்பும் சின்னதாகவே வரும். திங்கட்கிழமை கணுக்கால் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் செவ்வாய்க்கிழமை அங்கே மட்டும் விட்டுவிடலாம். பூசியதும் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலிடுக்குகளையும் சேர்த்து. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு மூச்சில் எதுவும் போகாத இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆனால் ஆழ்ந்த பழுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது.

அடுத்தது மூஸா, பார்லரா என்பது. பெரும்பாலான வீடுகளில் வாக்குவாதமே இதில்தான்.

மூஸ் ஒரு புட்டி இருபதிலிருந்து நாற்பது டாலருக்குள் கிடைக்கும். மெல்போர்னில் 2012இல் தொடங்கிய பாண்டாய் சாண்ட்ஸ் போன்றவை எல்லா மருந்துக் கடையிலும் இருக்கின்றன. ஒரு வெல்வெட் கையுறையும் வாங்கிவிட்டால் மூன்று நான்கு தடவைக்கு வரும். பார்லரில் ஒரு தடவைக்கு முப்பத்தைந்திலிருந்து அறுபது டாலர் ஆகும். பணக் கணக்கில் மூஸ் ஜெயிக்கிறது. கை பழகியவளுக்கு வேலைத்தரத்திலும் அதிகம் குறையாது. பழகாதவளுக்கு மூன்று இடங்களில் சறுக்கும்: முதுகு நடு, மணிக்கட்டு, கால் விரல்கள். முதுகுக்குக் கட்டாயம் இன்னொரு கை வேண்டும், அக்காவோ அம்மாவோ. பின்பக்கம் திறந்த கவுன் என்றால் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே தானே தேய்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முதுகில் கைவிரல் இழுத்த பட்டைகள் அப்படியே படிந்து நிற்கும், படத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

பார்லரில் அந்தக் கவலை இல்லை. பழகிய கை பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரே சீராக அடித்துவிடும். நிறத்தையும் ஆளுக்குத் தகுந்தபடி எடுக்கலாம். பாலாக வெளுத்த தோலுக்கு எட்டு சதவீத டிஹெச்ஏ போதும், கொஞ்சம் மாநிறத்துக்குப் பத்து, பன்னிரண்டு. சட்டென்று சிவக்கும் தோலுக்குப் பச்சை அடிச்சாயம், மஞ்சளோடிய தோலுக்கு ஊதா அடிச்சாயம் கலந்த திரவம் எடுப்பேன், ஆரஞ்சு தட்டாமல் இருக்க. தோழி பன்னிரண்டு அடித்தாள், எனக்கும் அதுவே வேண்டும் என்று வெளுத்த பெண்கள் கேட்பார்கள். நான் அடிக்க மாட்டேன். தோலில் பிடிக்கும் அளவுக்கு மேல் போனால் அது ஆரஞ்சாகத்தான் தெரியும்.

ஆனால் பார்லருக்கும் ஒரு பலவீனம் உண்டு, பலருக்கு அது தோன்றுவதில்லை. ஃபார்மல் வாரத்தில் ஒரே பள்ளியின் நூறு பெண்களும் அதே இரண்டு நாளைப் பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு திட்டு தெரிந்தால் உங்களுக்கு இடம் கிடைக்காது. மூஸ் என்றால் புட்டி வீட்டில் இருக்கிறது, ராத்திரி பதினோரு மணிக்குக்கூடச் சரிசெய்துவிடலாம். அதனால் பார்லரில் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள்: மறுநாள் ஏதாவது சரியில்லை என்றால் பத்து நிமிடம் ஒதுக்குவீர்களா? ஆமாம் என்று சொல்லும் இடத்துக்கு ஐந்து டாலர் கூடக் கொடுத்தாலும் தகும்.

இன்னொன்றும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரே அடிக்க உடையைக் குறைத்துத்தான் நிற்க வேண்டியிருக்கும். பதினாறு, பதினேழு வயதில் அது சங்கடம். பழைய கறுப்பு பிகினியோ உள்ளாடையோ போட்டுக்கொண்டு நிற்கலாம், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லும் அவசியம் யாருக்கும் கிடையாது. அம்மாவோ தோழியோ அறைக்குள் இருக்கலாம். இதற்கு முகம் சுளிக்கும் இடத்திலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வேறு ஆள் கண்ணில் படவே வேண்டாம் என்கிற பெண்ணுக்கு மூஸ்தான் சரி, அந்த ஒரு காரணமே போதும்.

என் தீர்ப்பு இது. பின்பக்கம் திறந்த கவுன், முதல் தடவை டேன், வீட்டில் பழகிய கை இல்லை என்றால் பார்லர். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை மூஸ் தேய்த்து முடிவைப் பார்த்தவளுக்கு மூஸ். எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அலர்ஜி இருக்கிறதா, எந்த நிறம் பொருந்துகிறது, எந்த இடத்தில் சீக்கிரம் உதிர்கிறது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒத்திகைக்குப் பணம் இல்லை என்றால், பார்லர் வேண்டாம், அந்தப் பணத்தில் மூஸ் வாங்கி இரண்டு தடவை பழகுங்கள் என்பேன்.

சரி, எந்த நாள்? ஃபார்மல் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அடித்தால் நிறம் சனிக்கிழமை உச்சத்தில் இருக்கும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருத்த நேரம் பூஜ்யம். சாயம் முழுதும் கழுவப்படாமல் கவுன் அக்குளில் பழுப்புக் கறை வேறு. புதன்கிழமை அடித்தால் நிதானமாக இருக்கலாம், ஆனால் கையும் கழுத்தும் சனிக்கிழமைக்குள் கொஞ்சம் வெளிறும். நடுவில் ஒரு தடவை நீச்சல்குளத்தில் இறங்கினால் குளோரின் மிச்சத்தையும் உரித்துவிடும். வியாழக்கிழமை சாயங்காலம்தான் என் நாள். வெள்ளிக்கிழமை காலை கழுவிப் பார்த்துவிட்டு, ஒரு முழு நாள் கையில் வைத்துக்கொள்ளலாம்.

எட்டு மணி நேரம் விட்டுக் கழுவும் சாதாரணத் திரவம், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கழுவும் எக்ஸ்பிரஸ் திரவம் என்று இரண்டு வகை. வெயில் காலத்தில் எக்ஸ்பிரஸையே எடுப்பேன். ராத்திரி முழுக்க அதோடு படுத்து, கழுத்து மடிப்பிலும் முழங்கை உள்பக்கத்திலும் வியர்த்தால் காலையில் அங்கே கோடு கோடாக இருக்கும். எக்ஸ்பிரஸில் மூன்று மணி நேரத்தில் கழுவிவிட்டாலும் அடியில் நிறம் அடுத்த நாள்வரை ஏறும். குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை.

தயாரிப்பில் வரிசைதான் முக்கியம். முடிக்குச் சாயம் போடுவது, நகம், புருவம் எல்லாம் டேனுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஷாம்பு நுரை வழிந்தாலும் நகச்சாயம் எடுக்கும் அசிட்டோன் பட்டாலும் நிறம் போகும். வாக்ஸிங் இரண்டு நாள் முன்னால், ஷேவிங் ஒரு நாள் முன்னால். அன்றே செய்தால் திறந்த மயிர்க்கால்களில் திரவம் இறங்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். முந்தின இரவு எண்ணெய் இல்லாத ஸ்க்ரப்பால் தேய்த்துக் குளிக்கட்டும். பீர்க்கங்காய் நார் இருந்தால் அதுவே போதும், முழங்கையிலும் குதிகாலிலும் கூடுதலாக இரண்டு நிமிடம். நம் வீட்டு அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று: விசேஷத்துக்கு முன் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை இந்த ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முன்னால் தேய்த்தால் எண்ணெய் மறித்து நிறம் திட்டாகப் பிடிக்கும், பின்னால் தேய்த்தால் பிடித்த நிறம் கழன்றுவிடும்.

அன்றைக்குத் தோலில் ஒன்றும் இருக்கக்கூடாது: மாய்ச்சரைசர், சென்ட், டியோடரண்ட் எதுவும். டியோடரண்ட் பட்ட அக்குள் பச்சையாக மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். முழங்கை, முழங்கால், கை கால் விரல் முட்டி, உள்ளங்கை ஓரம் இங்கெல்லாம் மட்டும் தடுப்புக் கிரீமை மெல்லிசாகத் தடவுவோம். உதட்டுக்கு லிப் பாம், மூக்குக்கு அடைப்பான், கண் மூடி, முகத்துக்கு அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிஹெச்ஏ வெளித்தோலுக்கு மட்டும்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களில் அனுமதித்ததும் அப்படித்தான். பருவுக்கு அமிலக் கிரீமோ ரெட்டினாய்டோ போடும் பெண்ணுக்கு முகத்தில் டேன் சீக்கிரம் உரியும். மருந்தை நிறுத்தாதீர்கள், முகத்தை மேக்கப்புக்கு விட்டுவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவள் வாக்ஸிங் பக்கமே போகக்கூடாது, தோலோடு பிய்ந்து வரும்.

வீட்டுக்குப் போகும்போது தொளதொள கறுப்புச் சட்டை, கால்சட்டை, வாரில்லாத செருப்பு. தோள்பை கூடாது; பட்டை பட்ட இடம் வெளிறும். அழக்கூடாது என்றும் சொல்வேன், கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம் அப்படியே நிற்கும். இப்போது என் வாசலில் பெரிய குடை ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், சோப்பு வேண்டாம், துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் காலை மாலை எண்ணெய்ப் பசை குறைந்த மாய்ச்சரைசர். பழுப்பாகிவிட்டோம், வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கவே வேண்டாம். இந்த நிறம் வெயிலைத் தடுக்காது. நாலு மணிப் படங்களுக்குச் சன்ஸ்கிரீன் போட்டே நிற்கட்டும்.

உடைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. பருத்தியில் சாயம் பட்டால் துவைத்தால் போகும். பட்டும் கம்பளியும் புரதம். டிஹெச்ஏ தோலில் செய்வதையே பட்டிலும் செய்யும், அந்தக் கறை போகாது. நம் பெண்கள் சிலர் ஃபார்மலுக்குப் பாட்டியின் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டுகிறார்கள், அல்லது அதை வெட்டிக் கவுன் தைக்கிறார்கள். அந்தப் புடவை உடம்பில் படப்போகிறது என்றால் டேன் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

நம் பெண்களுக்கு இது தேவையா என்று கேட்கிறார்கள். தோழிகள் எல்லோரும் போகிறார்கள், தான் மட்டும் விட்டுப்போகக்கூடாது என்று கேட்கும் பெண்ணிடம், உன் தோலில் அறுபது டாலருக்கு ஏறக்கூடிய நிறம் கண்ணுக்கே தெரியாது, அவர்களோடு போய்க் கூட இரு, நகம் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் வித்தியாசமான தேவையோடும் வருவார்கள். இந்த வருஷம் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். நெட்பால் ஆடி ஆடிக் கெண்டைக்கால்வரை நன்றாகக் கறுத்திருந்தது, சாக்ஸுக்குக் கீழே பாதம் தனி நிறம். அவளுடைய கவுன் கணுக்காலுக்கு மேலேயே நின்றது, செருப்போ மெல்லிய வார் செருப்பு. “ஆன்ட்டி, இந்தக் கோடு மட்டும் போனா போதும்,” என்றாள். ஸ்ப்ரே வேண்டாம் என்றேன். தினமும் பூசும் லோஷனைக் கொடுத்து, கோட்டுக்குக் கீழே மட்டும், படுக்கும் முன் ஒரு தடவை, குதிகாலில் கை படாமல், இரண்டு வாரம் பூசச் சொன்னேன். பதிமூன்றாம் நாள் காலைத் தூக்கி என் முக்காலியில் வைத்துக் காட்டினாள். பாதமும் காலும் ஒன்றாகியிருந்தன. கணுக்கால் எலும்பின் உள்பக்கத்தில் மட்டும், குனிந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு, ஒரு நூல் கோடு மிச்சம் இருந்தது. செருப்பு வார் சரியாக அதன் மேலேதான் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.